குத்தகையா, கிரயமா?

சென்ற வாரம் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்று கொடுத்திருந்தேன். ஆங்கிலப் பகுதியில் ஒரு மனிதர் தம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூர் போகிறார். ஒரு பையன் தமிழில் அந்த வீட்டை விற்றே விட்டான்! கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஒரு சொல்தானே ஸார் தப்பு?" என்றான். அரை மதிப்பெண் குறைத்து அனுப்பினேன். அவனுக்கு அது பெரிய அநியாயமாகவே தோன்றியிருக்க வேண்டும். போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.

மாலையில் வீட்டுக்கு நடந்து வருகையில் அவனுடைய கேள்வி என் காதிலேயே நின்றது. ஒரு சொல்தானே! அவனுக்கு அரை மதிப்பெண்ணோடு போயிற்று. ஒரு சொல்லின் பேதத்தால் ஒரு ஜன சமூகம் தன் நாட்டின் பெரும்பாகத்தை இழந்து நின்ற சரித்திரமும் உண்டு. அதை நேயர்களுக்குச் சொல்லவே இந்த வாரம் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பஸிபிக் மகா சமுத்திரத்தின் தென்கோடியில் நியூஸிலாந்து என்னும் இரட்டைத் தீவுகள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் கிழக்கே இருந்த தீவுகளிலிருந்து பெருந் தோணிகளில் கடல் கடந்து வந்து அங்கே குடியேறியவர்கள் மாவோரிகள். காப்டன் குக் 1769-ஆம் வருஷம் அங்கே கால் வைத்தபோது, அத்தீவுகளில் ஆளற்ற வெற்று நிலம் என்று ஒன்று இல்லை. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒவ்வொரு குன்றுக்கும் ஒரு குலமும், அக்குலத்துக்கு ஒரு தலைவரும் உண்டு. தலைவரை அவர்கள் 'ரங்கதிரா' என்பர். இந்தச் சொல்லை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வேண்டியிருக்கும்.

குக்குக்குப் பிறகு திமிங்கில வேட்டைக்காரர்கள் வந்தார்கள், மர வியாபாரிகள் வந்தார்கள், பாதிரிமார்களும் வந்தார்கள். அப்படி 1834-ஆம் வருஷக் கடைசியில் ஓர் அச்சு யந்திரத்தோடு வந்து இறங்கியவர் வில்லியம் கொலென்ஸோ என்னும் இளைஞர். யந்திரம் வந்ததே தவிர, அதற்கு வேண்டிய உறுப்புகள் பல வரவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டே மாவோரி பாஷையில் புத்தகம் அச்சிட ஆரம்பித்தார். 1837 முடிவதற்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் 5,000 பிரதிகள் அச்சிட்டு விட்டார் என்றால், மனிதரின் உழைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கொலென்ஸோவைத் தமிழர்களாகிய நாம் அறிந்திருக்க வேறொரு காரணமும் உண்டு. 1836-ஐ ஒட்டி, வடக்குத் தீவில் ஓரிடத்தில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரம் அவர் கண்ணில் பட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது பாத்திரமல்ல. உடைந்த மணி ஒன்றைக் கவிழ்த்து அடுப்பில் ஏற்றியிருந்தார்கள். புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் அகப்பட்டது என்று அவர்கள் சொன்னார்கள். மணியின் விளிம்பைச் சுற்றி எழுத்துக்கள் இருந்தன. அவை தமிழ் எழுத்துக்கள்! முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அந்த வாசகத்தின் பொருள். நம் கடற்கரை மரைக்காயர் ஒருவருடைய மரக்கலமாக இருக்கலாம் என்று நினைக்கும்போது உள்ளம் ஓடத்தான் செய்கிறது. அதை இப்போது ஓட விடாமல் நம் விஷயத்துக்கு வருவோம்.

1840 ஜனவரிக் கடைசியில் காப்டன் வில்லியம் ஹாப்ஸன் என்ற கப்பற்படை அதிகாரி பிரிட்டிஷ் ராணியின் பிரதிநிதியாக வந்து சேர்ந்தார். மாவோரித் தலைவர்களிடமிருந்து நாட்டின் இறைமையை உடன்படிக்கை மூலம் பெறும்படி அவருக்கு உத்தரவு. லண்டனில் கூட்டப்பட்ட ஒரு கம்பெனி அதற்குள் கப்பலனுப்பி நிலம் வாங்கத் தொடங்கியிருந்தது. அதை முந்திக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் வேறு. ஹாப்ஸனும், அங்கே முன்பிருந்தே பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் பஸ்பியும் ஆங்கிலத்தில் ஒரு நகல் தயாரித்தார்கள். பிப்ரவரி 4-ஆம் தேதி மாலை அது ஹென்றி வில்லியம்ஸ் பாதிரியாரின் கையில் கொடுக்கப்பட்டது. மறு நாள் காலையில் மாவோரி பாஷையில் வேண்டும் என்றார்கள். பாதிரியாரும் அவர் மகன் எட்வர்டும் ஓர் இரவில் மொழிபெயர்த்து முடித்தார்கள். ஒரு தேசத்தின் தலையெழுத்தை ஓர் இரவில் மொழிபெயர்ப்பது என்பது, பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் திறக்கும் என் மாணாக்கர்களுக்குக்கூடத் துணிச்சலாகத்தான் படும்.

உடன்படிக்கையில் மூன்றே ஷரத்துகள். முதல் ஷரத்தில், ஆங்கிலப் பிரதியின்படி, தலைவர்கள் தங்கள் இறைமை முழுவதையும் ராணிக்கு என்றென்றைக்கும் கொடுத்து விடுகிறார்கள். 'இறைமை' என்பதற்கு வில்லியம்ஸ் இட்ட சொல் 'காவனதங்கா'. அது மாவோரி பாஷையில் பிறந்த சொல்லே அன்று. 'கவர்னர்' என்ற ஆங்கிலச் சொல்லை மாவோரி நாவுக்கு ஏற்பக் 'காவனா' என்று திரித்து, அதன் மேல் ஒரு விகுதி ஒட்டிப் பாதிரிமார்கள் உண்டாக்கியது. கவர்னர்த்தனம் என்று நாம் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். அக்காலத்து மாவோரிகளுக்குக் காவனா என்றால் யார்? சிட்னிக்குப் போய் வந்தவர்களுக்கு அங்கிருந்த கவர்னரைத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்த காவனா, புதிய ஏற்பாட்டில் வரும் பொந்தியு பிலாத்து. நம் தமிழ் வேதாகமத்தில் 'தேசாதிபதி' என்று குறிக்கப்படுகிறாரே, அவர்தாம். பிலாத்து ராயருக்குக் கீழ்ப்பட்ட ஓர் உத்தியோகஸ்தன். நாட்டுக்கு உடையவன் அல்லன். கவர்னர் ஒருவர் வரட்டும், குடித்துவிட்டுக் கலகம் செய்யும் வெள்ளைக்காரர்களை அடக்கட்டும் என்று தலைவர்கள் எண்ணியதில் வியப்பு என்ன?

இரண்டாவது ஷரத்து இன்னும் விசித்திரமானது. ஆங்கிலத்தில், மாவோரிகளின் நிலம், காடு, மீன்பிடி துறை ஆகியவை அவர்கள் விரும்பும் வரையில் அவர்களுடைய அனுபோகத்தில் இருக்கும் என்பது வாசகம். மாவோரியில் அனுபோகம் என்ற அளவில் நிற்கவில்லை. நிலங்கள், ஊர்கள், அருமைப் பொருள்கள் யாவற்றின் மேலும் அவர்களுடைய முழு 'ரங்கதிரதங்கா'வை ராணி உறுதி செய்கிறார் என்று எழுதப்பட்டது. அதாவது தலைவர்களின் தலைமை குறைவின்றி அவர்களிடமே இருக்கும்! ஒரு மாவோரித் தலைவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் ஊர் வழக்கில் சொல்லிப் பார்ப்போம். நிலத்துக்கு உடையவர் ஒருவர். எழுத்து வாசனை உண்டு, ஆனால் பத்திரத்தின் பாஷை தெரியாது. "ஐயா, இது குத்தகைச் சீட்டு, நிலம் உம்முடையதே" என்று அவருடைய பாஷையில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ரிஜிஸ்தர் கச்சேரியில் போய்ப் பார்த்தால் சுத்தக் கிரயப் பத்திரம்! குத்தகை என்று கேட்டுக் கையொப்பமிட்டவரின் பேரர்கள், "தாத்தா விற்கவே இல்லையே!" என்றால், "பத்திரத்தைப் பார்" என்கிறார்கள். எந்தப் பத்திரத்தை?

மாவோரியில் இறைமைக்கு வேறு சொல்லே கிடையாதா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. அதுவும் இதே வில்லியம்ஸ் பாதிரியாருக்கு நன்றாகத் தெரிந்த சொல். 1835 அக்டோபர் 28-ஆம் தேதி வடபுலத்துத் தலைவர்கள் சிலர் தங்கள் நாடு சுதந்திர நாடு என்று ஒரு பிரகடனம் செய்திருந்தார்கள். அதில் இறைமை என்னுமிடத்தில் 'மனா' என்ற சொல் வந்திருந்தது. மனா என்பது ஒருவனுடைய அதிகாரம், கௌரவம், தேஜஸ் எல்லாம் சேர்ந்த ஒன்று. அது போனால் மனிதன் நடைப்பிணம். மனாவை ராணிக்குக் கொடுத்து விடுங்கள் என்று 1840-இல் எழுதியிருந்தால் ஒரு தலைவராவது கையொப்பமிட்டிருப்பாரா?

அப்படியானால் வில்லியம்ஸ் தெரிந்தே வஞ்சித்தாரா? அவர் தமக்கும் தம் பிள்ளைகளுக்குமாக ஏறத்தாழ 11,000 ஏக்கர் நிலம் வாங்கி வைத்திருந்தவர் என்பதைச் சுட்டி அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. கம்பெனிக்காரரின் கையில் மாவோரிகள் சிக்குவதைவிட ராணியின் நிழலில் இருப்பது மேல் என்று அவர் மெய்யாகவே நம்பினார். உடன்படிக்கை நிறைவேற வேண்டும் என்ற ஆவலில், கசப்பான சொல்லை விலக்கி, விழுங்கக் கூடிய சொல்லைப் போட்டார். நல்லெண்ணத்தோடு செய்த தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அதன் பலனைச் சுமந்தவர்கள் வேறு பேர்.

பிப்ரவரி 5-ஆம் தேதி வைதாங்கி என்னுமிடத்தில், பஸ்பியின் வீட்டு முன் புல்வெளியில், கூடாரத்துக்குள் சபை கூடிற்று. தலைவர்கள் எழுந்து எழுந்து பேசினார்கள். தே கேமாரா என்பவர், நாம் எல்லோரும் சமமாக இருப்பதானால் சரி, கவர்னர் மேலே, தே கேமாரா கீழே என்றால் கூடாது என்றார். விலங்கிடப்பட்டவனைப் போலத் தம் இரு கைகளையும் குறுக்காகச் சேர்த்துக் காட்டி, நான் இப்படித்தான் ஆக வேண்டுமா என்று ஹாப்ஸனையே கேட்டார். தாமதி வாகா நேனே என்ற தலைவர் ஆதரித்துப் பேசிய பிறகுதான் காற்றுத் திசை மாறிற்று.

மறு நாள் ஒத்திவைத்துச் சிந்திக்க அவகாசம் தருவதாக இருந்தது. ஆனால் வந்தவர்களுக்குச் சாப்பாடு பற்றவில்லை. தலைவர்கள் ஊருக்குத் திரும்ப ஆயத்தமானார்கள். ஆகவே 6-ஆம் தேதியே அவசரமாகக் கையொப்பம் ஆரம்பமாயிற்று. முதலில் அழைக்கப்பட்டவர் ஹோனே ஹேகே. அவர் எழுந்து வரும் அந்தச் சமயத்தில் குறுக்கே ஒருவர் எழுந்தார். அவர்தாம் நம் அச்சுக்காரர், இருபத்தெட்டு வயதுக் கொலென்ஸோ. இந்த ஷரத்துகளின் பொருள் இவர்களுக்குப் புரிந்திருக்கிறது என்று தாங்கள் எண்ணுகிறீர்களா என்று ஹாப்ஸனைக் கேட்டுவிட்டார்! தம்மாலானதைச் செய்தாயிற்று, புரியாவிட்டால் அது தம் குற்றமன்று என்னும் பாவனையில் ஹாப்ஸன் விடையளித்தார். கொலென்ஸோ தம் மனச்சாட்சிக்குத் தக்கபடி சொல்லிவிட்டதாகக் கூறி உட்கார்ந்து விட்டார். பிலாத்தைக் 'காவனா' என்று அச்சுக் கோத்த கை அவருடையது; அந்தச் சொல்லின் கனம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அன்று நடந்ததை யெல்லாம் குறித்து வைத்திருந்து, ஐம்பது வருஷம் கழித்து 1890-இல் புத்தகமாக வெளியிட்டார். உட்காராமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல முறை யோசித்ததுண்டு.

அன்று நாற்பதுக்கு மேற்பட்ட தலைவர்கள் கையொப்பமிட்டார்கள். முந்திய நாள் கை விலங்கு காட்டிய தே கேமாராவும் இட்டார். கையொப்பமிட்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு கம்பளியும் கொஞ்சம் புகையிலையும் கொடுக்கப்பட்டன. பிறகு பிரதிகள் ஊர் ஊராகப் போய், அவ்வருஷத்துக்குள் ஐந்நூறுக்கு அதிகமான தலைவர்களின் ஒப்பம் சேர்ந்தது. அவர்களுள் ஆங்கிலப் பிரதியில் ஒப்பமிட்டவர்கள் 39 பேர். ஏனைய அனைவரும் மாவோரிப் பிரதியிலேயே இட்டவர்கள். ஆனால் ஹாப்ஸன், பல இடங்களுக்குப் பிரதி போய்ச் சேர்வதற்கு முன்பே, மே 21-ஆம் தேதி நாடு முழுவதும் பிரிட்டிஷ் இறைமைக்கு உட்பட்டது என்று பிரகடனம் செய்து விட்டார்.

முதல் ஒப்பமிட்ட ஹோனே ஹேகேதான் முதலில் விழித்துக்கொண்டவர்களில் ஒருவர். 1844 ஜூலையில் கொரோராரெகாவில் பறந்த பிரிட்டிஷ் கொடிக்கம்பத்தை வெட்டிச் சாய்த்தார்கள். மறுபடி நட்டார்கள், மறுபடி சாய்ந்தது. நான்காம் முறை சாய்ந்தது 1845 மார்ச்சில். அன்று ஊரே எரிந்தது.

அதன் பிறகு நடந்ததை விரித்தால் இந்தப் பக்கம் போதாது. நிலத்தை ஸர்க்காருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையால், ஸர்க்கார் சொன்னதே விலையாயிற்று. 1848-இல் தெற்குத் தீவில் ஒரு கோடியே முப்பது லட்சம் ஏக்கருக்குக் குறையாத நிலம் 2,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. விற்க மனமில்லாத குலங்கள் 1858-இல் ஒன்று கூடி, தங்களுக்கென ஓர் அரசரை ஏற்படுத்திக்கொண்டன. அந்த முதல் அரசரான போதாதாவ் தே ஃபெரோஃபெரோ, 1840-இல் உடன்படிக்கையில் ஒப்பமிட மறுத்தவர். குத்தகைச் சீட்டிலும் கை வைக்காதவர்! ஆயினும் 1863-இல் அவருடைய வைகாதோ நாட்டின் மேல் படை சென்றது. அதே வருஷத்துச் சட்டம் ஒன்று, கலகம் செய்த குலங்களின் நிலத்தைப் பறிமுதல் செய்ய வழி வகுத்தது. வைகாதோவில் சுமார் 12 லட்சம் ஏக்கர், தாரநாகியில் சுமார் 12 லட்சம் ஏக்கர். வேறிடங்களையும் சேர்த்தால் 30 லட்சத்துக்கு மேல் போயிற்று.

தாரநாகியில் பாரிஹாகா என்றொரு கிராமம். தே ஃபிதி, தோஹு என்னும் இரு பெரியோர் அதன் தலைவர்கள். பறித்த நிலத்தை வெள்ளைக்காரருக்கு அளந்து கொடுக்க ஆரம்பித்ததும், 1879 மே மாதத்தில் அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை; ஏர் பூட்டினார்கள். குடியேறியவர்களின் புல்வெளியில் போய் உழுதார்கள். போலீஸார் பிடித்தபோது கையை நீட்டினார்கள். பிடிபட்டவர்களின் இடத்துக்கு வேறு பேர் வந்து மேழி பிடித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தார்கள். 1881 நவம்பர் 5-ஆம் தேதி ஏறத்தாழ 1,600 பேர் கொண்ட ஆயுதப் படை கிராமத்தைச் சூழ்ந்தது. எதிரே வந்தவர்கள் யார்? பாட்டுப் பாடிக்கொண்டு சிறு குழந்தைகள். ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு பெண்கள். பெரியவர்கள் நடு முற்றத்தில் அசையாமல் அமர்ந்திருந்தார்கள். இரு தலைவர்களையும் கைது செய்து பதினாறு மாதம் விசாரணையின்றி அடைத்து வைத்தார்கள். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். கவர்னர் ஆர்தர் கார்டன் பீஜித் தீவுக்குப் போயிருந்த சமயம் பார்த்து இதற்கான உத்தரவு பிறந்தது. (இந்தக் கார்டன் 1883 முதல் 1890 வரை இலங்கையில் கவர்னராக இருந்தவர்.) அவருக்குப் பதிலாக ஒப்பமிட்டவர் பிரதம நீதிபதி பிரெண்டர்காஸ்ட். நான்கு வருஷத்துக்கு முன், 1877-இல், ஒரு வழக்கில் வைதாங்கி உடன்படிக்கை சட்டத்தின் முன் வெறும் பூஜ்யம் என்று தீர்ப்புச் சொன்னவரும் அவரே.

பூஜ்யமான காகிதத்துக்கு என்ன மரியாதை இருக்கும்? 1841-இல் ஒரு முறை தீ விபத்திலிருந்து தப்பிய அந்தத் தாள்கள், பின்னர் வெல்லிங்டனில் ஸர்க்கார் கட்டடத்தின் நிலவறையில் கேட்பாரற்றுக் கிடந்தன. 1908-இல் டாக்டர் ஹாக்கன் என்பவர் தேடி எடுத்தபோது எலிகள் ஓரங்களைத் தின்றிருந்தன. நம் வீட்டுப் பரண்களில் ஏடுகளைக் கரையான் தின்றதை நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து வாத்தியாராகிய எனக்கு மற்றவற்றைவிட உறுத்துவது ஒன்று உண்டு. 1867-ஆம் வருஷச் சட்டத்தால் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட பள்ளிக்கூடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. விளையாட்டு மைதானத்தில் தாய்மொழி பேசியதற்காகப் பிரம்படி வாங்கிய குழந்தைகள் பல தலைமுறை. அடித்தவர்கள் என் தொழிலைச் செய்தவர்கள். 1896-இல் மாவோரிகளின் ஜனத்தொகை சுமார் 42,000 ஆகக் குன்றியபோது, இந்த இனமே மறைந்துவிடும் என்று பலர் பேசினார்கள். மறையவில்லை. 2023-ஆம் வருஷக் கணக்கில் ஏறத்தாழ 9 லட்சம் பேர்.

பழைய பத்திரத்தை மறுபடி வாசிக்கத் தூண்டியவர்களில் முக்கியமானவர் ரூத் ராஸ் என்னும் சரித்திர ஆசிரியை. 1972-இல் இரண்டு பாஷைப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் எழுதிய கட்டுரை அறிஞர்களைத் திடுக்கிட வைத்தது. 1975-இல் எழுபத்தொன்பது வயதுக் கிழவியான ஃபீனா கூப்பர் அம்மையார், இனி ஓர் ஏக்கர்கூடப் போகக் கூடாது என்று, வடகோடியிலிருந்து வெல்லிங்டன் வரை சுமார் ஆயிரம் கிலோமீட்டர் யாத்திரையை நடத்தி வந்தார். அவ்வருஷமே வைதாங்கி நியாய சபை சட்டத்தால் ஏற்பட்டது; இரு பிரதிகளையும் பார்த்துப் பொருள் கூறும் அதிகாரம் அதற்குத் தரப்பட்டது. 1985 முதல், 1840 வரை பின்னோக்கி விசாரிக்கவும் அனுமதி கிடைத்தது. 1982-இல் பாட்டிமார்கள் குழந்தைகளுக்கு மாவோரியிலேயே பேசிப் பழக்கும் சிறு பள்ளிகள் தோன்றின. அவற்றுக்கு மொழிக் கூடு என்று பொருள்படப் பெயர். 1987-இல் மாவோரி ஆட்சி மொழியாயிற்று. 1995-இல் வைகாதோ மக்களிடம் மன்னிப்புக் கோரி, 17 கோடி டாலர் மதிப்புள்ள ஈடு கொடுக்கும் சட்டத்தில் எலிஸபெத் ராணியே நேரில் ஒப்பமிட்டார். பறி போன நிலத்தின் மதிப்புக்கு அது எட்டாத் தூரம். 2017-இல் பாரிஹாகா மக்களிடம் ஸர்க்கார் மன்னிப்புக் கேட்டது.

அந்த ஒரு சொல்லைப் பற்றிய முடிவு 2014 நவம்பரில் வந்தது. 1840 பிப்ரவரியில் ஒப்பமிட்ட தலைவர்கள் தங்கள் இறைமையைக் கொடுத்துவிடவில்லை; கவர்னர் ஒருவரை ஏற்று, அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளவே சம்மதித்தார்கள் என்று நியாய சபை கூறிற்று. 174 வருஷம் கழித்து! இன்று இறைமை ஸர்க்காரிடமே இருக்கிறது, அதில் சந்தேகமில்லை என்று அமைச்சர் உடனே பதில் சொன்னார். வழக்கு அதோடு ஓயவில்லை. உடன்படிக்கையின் கோட்பாடுகளுக்குப் புதிய வியாக்கியானம் செய்ய ஒரு மசோதா வந்தபோது, 2024 நவம்பரில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பார்லிமெண்டின் முன் வந்து நின்றார்கள். 2025 ஏப்ரலில் அது 112-க்கு 11 என்ற வாக்கில் தோற்றது.

மறு நாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். வீட்டை விற்ற பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த மணி இப்போது எங்கே ஸார்?" என்றான். அந்தத் தமிழ் மணி வெல்லிங்டனில் தே பாப்பா என்னும் தேசியக் காட்சிசாலையின் உடைமையாக இருக்கிறது. உடன்படிக்கைத் தாள்களும் அதே நகரத்துத் தேசிய நூலகத்தில் 2017 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன. மொத்தம் ஒன்பது தாள்கள். எட்டு மாவோரியில், ஒன்று ஆங்கிலத்தில். பிள்ளைகள் அந்த ஊரில் உத்தியோகம் பார்க்கும் நேயர்கள் அங்கே போனால், எலி கடித்த ஓரங்களையும் கண்ணாடிக்குள் பார்த்து வரலாம்.